வென்றவர் இல்லாத கடற்சமர்: 1759 புதுச்சேரிச் சண்டையும் அதன் பின்விளைவுகளும்

1. கேள்வி

தமிழகத்தில் ஆங்கிலேயர் ஆதிக்கம் எந்த நாளில் உறுதியாயிற்று என்று கேட்டால் நம் பாடநூல்கள் வந்தவாசியைச் சுட்டும். 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட் அங்கே பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை முறியடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. இந்த வரிசையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வந்தவாசிக்கு நான்கு மாதம் முன்னதாக, 1759 செப்டம்பர் 10 அன்று, கடலூர் பரங்கிப்பேட்டைக் கரைக்கு அப்பால் மற்றொரு சண்டை நடந்தது. பிரெஞ்சுத் தரப்பில் பதினொரு போர்க்கப்பல்கள், ஆங்கிலத் தரப்பில் ஒன்பது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பீரங்கிகள் முழங்கின. ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒரு கப்பலும் பிடிபடவில்லை. இரு தரப்பும் தாமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன.

இப்படி முடிந்த ஒரு சண்டையைத் தீர்மானமான சண்டை என்று சொல்ல முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் நடத்திய கடற்போர்களை அன்றைய பொழுதின் வெற்றி தோல்வியால் அளக்கக் கூடாது. சண்டைக்குப் பின் யாரால் இக்கரையில் தங்க முடிந்தது, யார் விட்டுப் போனார் என்பதால் அளக்க வேண்டும். இந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைப் பின்னர் 1782–83ஆம் ஆண்டுப் போர்களை வைத்துச் சோதிக்கலாம்.

2. துறைமுகம் இல்லாத கரை

பழவேற்காடு முதல் நாகப்பட்டினம் வரை பெரிய போர்க்கப்பல் ஒதுங்கி நிற்க இயற்கையான துறை ஒன்றுகூட இல்லை. சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து விலகி, திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் அலை தாண்டித்தான் இறங்க வேண்டும். அந்தப் படகோட்டிகள் இல்லாமல் கும்பினியின் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) ஒரு மூட்டைகூடக் கரை சேர்ந்திராது. புதுச்சேரியின் நிலையும் இதுவே.

ஐப்பசி பிறந்ததும் வாடை தொடங்கிவிடும். புயல் மாதங்களில் திறந்த கடலில் கப்பலை நிறுத்துவது தற்கொலைக்கு ஒப்பானது. எனவே பெரும்பாலும் அக்டோபருக்குள் இரு நாட்டுக் கப்பற்படைகளும் கரையை விட்டு விலகின. ஆங்கிலேயருக்குப் பம்பாய் இருந்தது. அங்கே கப்பலை ஏற்றிப் பழுதுபார்க்க உலர்துறையும், மலபார்த் தேக்கும், தேர்ந்த தச்சர்களும் இருந்தனர். பிரெஞ்சுக்காரருக்கு மொரீஷியஸ் இருந்தது. அது வெகு தொலைவு. தீவில் விளைந்த தானியம் ஒரு பெரும்படைக்குப் போதாது. பாய்மரத்துக்கான மரமும் கயிறும் பிரான்சிலிருந்து வந்தாக வேண்டும். அருகில் நல்ல துறை என்றால் திரிகோணமலை ஒன்றே. அது டச்சுக்காரர் கையில் இருந்தது.

பாய்மரம் உடைந்த கப்பல் அடுத்த சண்டைக்குள் எங்கே சீராகும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர்தான் இந்தக் கடலை ஆண்டார். தளபதிகளின் வீரத்தையும் கோழைத்தனத்தையும் பற்றி ஐரோப்பிய நூல்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. தச்சுப் பட்டறைகளுக்கு அவை தந்த இடம் மிகக் குறைவு.

3. 1746: முதல் பாடம்

ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் 1744இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் எதிரிகளாக்கியது. மொரீஷியஸின் ஆளுநராக இருந்த லா பூர்தொனே, பெரும்பாலும் வணிகக் கப்பல்களை ஆயுதமேற்றிப் போர்க்கப்பல்களாக மாற்றி ஒரு படையைத் திரட்டினார். வழியில் புயலில் சிதைந்த கப்பல்களை மடகாஸ்கர் கரையில், காட்டு மரத்தை வெட்டியே செப்பனிட்டார். 1746 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலத் தளபதி பேட்டனின் கப்பல்களை அவர் எதிர்கொண்டார். (ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியையே பின்பற்றினர், அவர்கள் ஏடுகளில் இது ஜூன் 25. 1752க்கு முந்தைய தேதிகளைப் படிக்கும்போது இந்தப் பதினொரு நாள் இடைவெளியை மறந்தால் நிகழ்ச்சிகளின் வரிசையே கலைந்துவிடும்.)

சண்டை முடிவின்றி ஓய்ந்தது. ஆனால் பேட்டன் பழுதுபார்ப்பதற்காகத் திரிகோணமலைக்குப் போனார். ஆகஸ்டில் மறுபடி எதிரியைக் கண்டும் மோதாமல் வங்காளத்துக்கு விலகினார். கடல் காலியாயிற்று. அட்சய ஆண்டு புரட்டாசியில், 1746 செப்டம்பர் 21 அன்று, புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தது. ஆளுநர் நிக்கலஸ் மோர்ஸ் கைதியானார். கணக்கராக இருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ் தப்பிக் கடலூருக்கருகே புனித டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அக்டோபர் நடுவில் வீசிய புயலில் லா பூர்தொனேயின் கப்பல்களும் சிதைந்தன. அவர் ஊர் திரும்பினார். சென்னை, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே கையில் தங்கியது.

பேட்டன் ஒரு கப்பலையும் இழக்கவில்லை, இழந்தது சென்னையை. அவருக்கு அடுத்து வந்த கிரிஃபின் அவரைக் கைது செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1748இல் எய்லா ஷப்பேல் உடன்படிக்கைப்படி, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர் கோட்டைக்கு ஈடாகச் சென்னை திருப்பித் தரப்பட்டது. 1749இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து பார்த்தபோது கோட்டையை ஒட்டிய கறுப்பர் நகரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுக் கிடந்தது. எஞ்சியதையும் பின்னர் அவர்களே அகற்றி, கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே வெட்டவெளி உண்டாக்கினர். அந்த வெட்டவெளியின் ஒரு பகுதியில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். நாம் பாரிமுனைக்கு அப்பால் நடக்கும் தெருக்களின் நெரிசலுக்கு நாகப்பட்டினக் கடலில் ஒரு வேர் இருக்கிறது.

4. 1758–59: விட்டுப் போனவர்

ஏழாண்டுப் போர்க்காலம் இக்கேள்விக்கு வளமான சான்று தருவது. 1757 மே மாதம் பிரெஸ்ட் துறையை விட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயின் கப்பல்கள் ஏறக்குறைய ஓராண்டு அலைந்து 1758 ஏப்ரல் இறுதியில் இக்கரையை அடைந்தன. லாலி புதுச்சேரியில் இறங்கிய மறுநாளே, ஏப்ரல் 29 அன்று, ஆங்கிலத் தளபதி ஜார்ஜ் பொக்காக் கடலூருக்கு அப்பால் தாஷேயைத் தாக்கினார். முடிவில்லாத அந்தச் சண்டைக்குப் பின் ஆலம்பரை அருகே ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரைதட்டி அழிந்தது. ஆயினும் நிலத்தில் லாலியின் வேகம் குறையவில்லை. ஜூன் 2இல் புனித டேவிட் கோட்டை வீழ்ந்தது.

உடனே சென்னை மீது பாய வேண்டும் என்பது லாலியின் திட்டம். தாஷே கப்பல் தர மறுத்தார். புதுச்சேரி ஆளுநர் லெரியிடம் பணம் இல்லை. பிரெஞ்சு ஆதரவு பெற்ற சந்தா சாகிபு காலத்தில் தஞ்சை மன்னர் எழுதிக்கொடுத்த 56 லட்சம் ரூபாய்க்கான கடன் பத்திரம் ஒன்று பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. அதை வசூலிக்க லாலி தஞ்சைக்குப் படை நடத்தினார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார். ஒற்றர் என்று சந்தேகித்துப் பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். ஆட்களைச் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்க வைத்ததில் புதுச்சேரி மக்களும் அவரை வெறுத்தனர்.

தஞ்சைக் கோட்டையை அவர் முற்றுகையிட்டிருந்தபோதுதான், ஆகஸ்ட் 3 அன்று, நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலில் பொக்காக் மறுபடி தாஷேயைத் தாக்கினார். பிரெஞ்சு இழப்பு கடுமையானது. தாஷே புதுச்சேரிக்கு ஒதுங்கினார். காரைக்காலுக்கு ஆபத்து என்ற செய்தி முகாமை எட்டியது. வெடிமருந்தும் குறைந்துபோயிருந்த லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். தஞ்சையைக் காத்ததில் மன்னர் பிரதாபசிம்மரின் குதிரைப்படைக்கும் கோட்டை மதிலுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தக் கடற்சண்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம் தஞ்சை வரலாறுகள் அழுத்திச் சொல்வதில்லை.

செப்டம்பரில், எல்லோரும் மன்றாடியும் கேளாமல், தாஷே மொரீஷியஸுக்குக் கிளம்பிவிட்டார். கப்பற்படைத் துணையின்றியே லாலி டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். டிசம்பர் 14இல் கறுப்பர் நகர் அவர் வசமாயிற்று. கோட்டைக்குள் ஆளுநர் பிகட்டும் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸும் தாக்குப்பிடித்தனர். வெளியே யூசுப்கான் – மருதநாயகம் என்று நாம் அறிந்தவர் – லாலியின் உணவு வழியை அறுத்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரி 16 அன்று பம்பாயிலிருந்து துருப்புகளோடு ஆறு ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டன. மறுநாள் லாலி முற்றுகையை விட்டு வெளியேறினார். இரண்டு மாதப் பீரங்கிச் சூட்டால் ஆகாதது ஒரு மாலையில் பாய்கள் தெரிந்ததால் ஆயிற்று.

இந்தப் பின்னணியில்தான் 1759 செப்டம்பர் வருகிறது. உணவுக்காக நன்னம்பிக்கை முனை வரை ஆளனுப்பித் தேடிச் சேர்த்துக்கொண்டு, வலுப்பெற்ற படையோடு தாஷே திரும்பினார். எண்ணிக்கையிலும் பீரங்கியிலும் அவர் கையே ஓங்கியிருந்தது. 10ஆம் தேதிச் சண்டையில் ஆங்கிலத் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் 569 பேர். பிரெஞ்சு இழப்பு 1,500 அளவில் என்று ஆங்கில வரலாறுகள் கூறும். எதிரியின் இழப்பை எதிரி எண்ணிய கணக்கு என்பதால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தாஷே தாமே காயம்பட்டார். பிரெஞ்சு வரிசை தெற்கே விலகியது. பாய்மரங்களும் கயிறுகளும் சிதைந்துபோன ஆங்கிலக் கப்பல்களால் துரத்த முடியவில்லை.

அதாவது, தாஷே புதுச்சேரியை அடைவதை யாரும் தடுக்கவில்லை. சில நாளில் அவர் வந்து சேர்ந்தார்; கொஞ்சம் பணத்தையும் சில நூறுக்கு மேற்படாத ஆட்களையும் இறக்கினார். பிறகு மொரீஷியஸுக்குப் போவதாக அறிவித்தார். போனால் குடியேற்றமே அழியும், அந்தப் பழி உம்மைச் சேரும் என்று புதுச்சேரி மன்றம் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. மாத இறுதியை ஒட்டி அவர் கிளம்பினார். அதன்பின் இந்தக் கரைக்கு அவர் வரவே இல்லை. அக்டோபரில் சம்பள பாக்கிக்காகப் பிரெஞ்சுத் துருப்புகள் கலகம் செய்தன. ஜனவரியில் வந்தவாசி. 1760இல் ஆங்கிலேயர் மொரீஷியஸைத் தாக்கக்கூடும் என்ற செய்தி எஞ்சிய கப்பல்களையும் அங்கேயே கட்டிப்போட்டது.

1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரிக்கு எதிரே முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் புயல் தாக்கியது. பல கப்பல்கள் அழிந்தன, நூற்றுக்கணக்கான மாலுமிகள் இறந்தனர். அந்த வாரத்தில் பிரெஞ்சுக் கப்பல் நான்கைந்து அருகில் இருந்திருந்தால் நகருக்கு உணவு வந்திருக்கும். ஒன்றும் இல்லை. சில நாளில் ஆங்கிலேயர் மீண்டும் வளைத்துக்கொண்டனர். ஜனவரி நடுவில் பட்டினியால் நகர் சரணடைந்தது. கோட்டையும் வெள்ளையர் நகரும் தரைமட்டமாக்கப்பட்டன.

5. மூன்று விளக்கங்கள்

இப்போர்களை விளக்கியோரை மூன்று தரப்பாகப் பார்க்கலாம். முதல் தரப்பு மனிதர்களைக் குற்றம் சாட்டுவது. சமகாலத்தவரான ராபர்ட் ஓர்ம் முதல் 19ஆம் நூற்றாண்டின் மாலிசன் வரை, லாலியின் கோபமும் தாஷேயின் தயக்கமும் இக்கதையின் அச்சாணி. பிரான்சும் அப்படியே பார்த்தது: லாலி துரோகி என்று 1766 மே மாதம் பாரிசில் தலை வெட்டப்பட்டார். வோல்தேர் அவருக்காக வாதாடினார். 1778இல் அத்தீர்ப்பு ரத்தானது. தாஷேயை யாரும் தண்டிக்கவில்லை.

இரண்டாம் தரப்பு கடலாதிக்கக் கோட்பாடு. அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி மாகன் 1890இல் வெளியிட்ட நூலும், நம் நாட்டில் கே. எம். பணிக்கர் 1945இல் எழுதிய இந்தியப் பெருங்கடல் பற்றிய நூலும் இதன் தூண்கள். கடலை ஆண்டவர் இந்தியாவை ஆண்டார் என்பது இதன் சாரம். மூன்றாம் தரப்பு பணத்தைப் பார்க்கிறது. 1757இல் பிளாசிக்குப் பின் வங்காள வருவாய் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. லாலியிடமோ சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. வந்தவாசி இந்தக் கணக்கின் விடை மட்டுமே.

முதல் விளக்கம் எனக்கு நிறைவு தரவில்லை. 1746இல் பேட்டன் செய்ததையே 1759இல் தாஷே செய்தார். இருவேறு நாட்டவர், இருவேறு குணத்தவர், ஒரே முடிவு. அப்படியானால் காரணத்தைக் குணத்தில் தேடிப் பயனில்லை. சிதைந்த கப்பலும் நெருங்கும் வாடையும் தந்த நெருக்கடியில்தான் தேட வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் எதிரெதிரானவை என்று கருதப்படுவதும் சரியன்று. கல்கத்தாவின் பணமும் அரிசியும் சென்னைக்கு வந்த வழி கடல்வழி. லாலிக்கு வர வேண்டிய பணமும் கடலில்தான் வந்தாக வேண்டும். 1759 சண்டை ஒரு வழியைத் திறந்து வைத்து மற்றதை அடைத்தது. பணத்தைக் கடலிலிருந்து பிரித்துப் பேசும் ஆய்வு பாதிக் கணக்கையே பார்க்கிறது.

இவர்களில் எவரும் போதிய அளவு பயன்படுத்தாத சான்று ஒன்று தமிழிலேயே உள்ளது. துய்ப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் முதல் எழுதிய நாட்குறிப்பு அது. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, எத்தனை பீரங்கி மரியாதை, ஊரில் என்ன பேச்சு என்று ஒரு வணிகரின் கண்ணோடு அவர் பதிந்தார். கப்பல் வரவில்லை என்பதும் அவருக்குச் செய்தியே. சண்டையைவிடக் காத்திருப்பு அவர் பக்கங்களில் அதிகம். புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள் முன்பு, அதே 1761 ஜனவரியில், அவர் இறந்தார். சென்னை அரசு இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களை இதிலிருந்து எழுப்பினார். நாவலாசிரியர் கண்டெடுத்த இந்தச் சுரங்கத்துக்குள் கடற்போர் வரலாற்றாசிரியர்கள் இன்னும் முழுமையாக இறங்கவில்லை.

6. மாற்றுச் சான்று: சுஃப்ரேன், 1782–83

இனி அளவுகோலின் எல்லை. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12 இலங்கைக்கு அப்பால், ஜூலை 6 நாகப்பட்டினம், செப்டம்பர் 3 திரிகோணமலை, 1783 ஜூன் 20 கடலூர் என்று ஐந்து முறை பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினர். ஐந்திலும் இரு தரப்பிலும் கப்பல் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் தாஷே செய்யாததை சுஃப்ரேன் செய்தார்: தங்கினார். பழுதுபார்க்கக் கடலூரில் வீடுகளின் உத்தரங்களைக்கூடப் பிடுங்கினார். ஆங்கிலேயரோடு போரிட்டுவந்த மைசூரின் ஹைதர் அலியைக் கடலூர் அருகே சந்தித்துப் பணமும் உணவும் பெற்றார். ஆகஸ்ட் இறுதியில் திரிகோணமலையைப் பிடித்தார். புயல் மாதங்களில் மொரீஷியஸுக்கு ஓடாமல் சுமாத்திராவின் ஆச்சேயில் ஒதுங்கினார்.

1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஆங்கில முற்றுகையில் சிக்கியிருந்தது. பதினைந்து கப்பலோடு பதினெட்டை எதிர்த்து நின்ற சுஃப்ரேன் ஹியூஸைச் சென்னைக்கு விலகச் செய்தார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளாகும் நிலை வந்தது. அப்போது ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலேறி வந்தது. சண்டை நின்றது. ஹைதர் 1782 டிசம்பரிலேயே இறந்திருந்தார். பிரெஞ்சுத் துணை விலகிய பின் அவர் மகன் திப்பு தனித்து நின்று 1784இல் மங்களூரில் உடன்படிக்கை செய்துகொண்டார்.

தங்கியவர் வெல்வார் என்ற விதியை, வேறு கண்டத்து மேசையில் போட்ட கையெழுத்து இங்கே மாற்றிவிட்டது. 1748இல் சென்னைக்கு நேர்ந்ததும் இதுவே. 1759 மாறுபட்டது எதனால்? அப்போது கடல், பணம், உடன்படிக்கை மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தன. 1763 பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது உண்மை. ஆனால் இடிந்த மண்ணாக, வணிகத் தலமாக மட்டுமே தந்தது. இந்தப் பொருளில், இக்கரையின் ஐரோப்பியக் கடற்போர்களில் தீர்மானமானது 1759 ஒன்றே என்பது என் முடிவு.

7. உள்நாட்டில் நிகழ்ந்தது

கடற்போர் கடற்கரை ஊர்களின் கதை என்று நினைப்பது இயல்பு. நான் வாழும் முகப்பேரிலிருந்து கடல் தெரியாது. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சூழ்ந்த இந்த ஏரிக்கரை ஊர்களின் வாரமும் வரியும் அந்தச் சண்டைகளின் பின்விளைவால் மாறின. 1750 அளவில் ஆற்காட்டு நவாப் முகமது அலி பூந்தமல்லிச் சீமையைக் கும்பினிக்குத் தந்தார். பிரெஞ்சுப் போட்டி ஒழிந்த 1763இல் செங்கல்பட்டுப் பகுதி முழுவதும் ஜாகீராகப் போயிற்று. போர்ச் செலவுக்காக நவாப் பட்ட கடனும் நன்றிக்கடனும் இதன் பின்னே இருந்தன. 1765இல் முகலாயப் பேரரசர் அதை உறுதி செய்தார்.

நிலம் கைக்கு வந்ததும் கும்பினி அதை அளந்தது. தாமஸ் பர்னார்டு என்ற அளவர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார்: வீடுகள், சாதிகள், ஏரிகள், நன்செய் புன்செய், விளைச்சலில் கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சருக்கும் போன பங்கு. இதற்கு அடிப்படையான ஊர்க் கணக்குகள் தமிழில், ஓலையில் இருந்தன. ஆய்வாளர் தரம்பால் இவற்றைக் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகே 18ஆம் நூற்றாண்டுத் தொண்டை நாட்டுக் கிராமத்தின் உள்ளமைப்பு நமக்கு விளங்கத் தொடங்கியது. கும்பினி இந்தக் கணக்கைக் கேட்டது அறிவுத் தாகத்தால் அன்று. எவ்வளவு வரி எடுக்கலாம் என்பதற்காக.

சுஃப்ரேன்–ஹியூஸ் மோதலின் விலையை இப்பகுதி நேரடியாகவே கொடுத்தது. 1780இல் ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய நாட்டைப் பாழாக்கியது. பயிரிடுவார் இன்றி ஊர்கள் காலியாயின; மக்கள் நகரத்துக்கு ஓடினர். வங்காள அரிசியே கதி. அது கடலில் வர வேண்டும். கடலிலோ பிரெஞ்சுக் கப்பல்கள். 1782 அக்டோபர் நடுவில் ஹியூஸ் புயலுக்கு அஞ்சிச் சென்னையை விட்டு விலகிய தருணத்தில், நங்கூரமிட்டிருந்த அரிசிக் கப்பல்கள் புயலில் நொறுங்கின. தெருவில் மக்கள் செத்தனர்.

இந்தப் பஞ்சத்தை மன்னரின் கணக்கிலும் தளபதியின் கணக்கிலும் மட்டுமே வரலாறு எழுதியிருக்கிறது. செங்கல்பட்டு ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஆனந்தரங்கப் பிள்ளையின் பக்கங்களையும் அந்த ஓலைகளையும் கப்பற்படைக் குறிப்பேடுகளோடு சேர்த்து வைத்து, இரண்டு மொழியும் அறிந்த ஆய்வாளர்கள் படிக்க வேண்டும். போர்க்கப்பல் ஒன்றின் பாய்மரம் உடைந்தபோது ஓர் ஏரிக்கரை ஊரில் எத்தனை வீடு காலியாயிற்று என்று எழுதும் வரலாறுதான் நமக்கு இன்னும் வர வேண்டியது. அந்தப் பஞ்ச ஆண்டில் வடசென்னையில் பட்டினி கிடந்தோருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே பின்னாளில் மருத்துவமனையாக வளர்ந்து, இன்று அரசு ஸ்டான்லி மருத்துவமனையாக இயங்குகிறது. முதியவர்கள் அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள்.